வாயிலைக் கடந்த சட்டம்: கார்னீலியா சொராப்ஜி

நுழையும் முன்

சட்டம் நூல்களில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அது தேவைப்படுவோரின் இல்லம்வரை சென்று சேர வேண்டும். நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன்னர், வீட்டு வாயிலைத் தாண்டி வெளியே வராத பெண்களிடம் சட்டத்தின் துணையைக் கொண்டு சேர்த்தவர் கார்னீலியா சொராப்ஜி. பெண்கள் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளவே இயலாதிருந்த காலத்தில் சட்டம் பயின்று, அரசின் சட்ட ஆலோசகராகப் பொறுப்பேற்ற அப்பெண்மணியின் இளமைக் காலத்தையும் பணியையும் இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் குடும்பமும்

கோதாவரி ஆற்றங்கரையில் அமைந்த நாசிக் நகரில், 1866ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் கார்னீலியா பிறந்தார். தந்தையார் சொராப்ஜி கர்செட்ஜி, பார்சிக் குடும்பத்தில் தோன்றி இளமையிலேயே கிறித்தவ சமயத்தைத் தழுவிய சமயப் பணியாளர். தாயார் பிரான்சினா, ஆங்கிலேயத் தம்பதியர் ஒருவரால் மகளாக ஏற்று வளர்க்கப்பட்டவர். தம்மை வளர்த்த அன்னையின் பெயரையே பிரான்சினா தம் மகளுக்குச் சூட்டினார். கார்னீலியாவின் குழந்தைப் பருவம் பெல்காமிலும் பின்னர்ப் புனேயிலும் கழிந்தது.

பெண்குழந்தைகள் மிகுந்த அக்குடும்பத்தில், மகளிர்க்குக் கல்வி அளிப்பதைப் பற்றி இருவேறு கருத்துகளே இல்லை. தாயார் புனேயில் விக்டோரியா உயர்நிலைப் பள்ளியை நிறுவி நடத்தினார். பல சமயத்துக் குழந்தைகளும் அங்கு ஒன்றாக அமர்ந்து கற்றனர். பிற்காலத்தில் தங்கை சூசி கல்விப் பணியிலும், மற்றொரு தங்கை ஆலிஸ் மருத்துவப் பணியிலும் சிறந்து விளங்கினர். கார்னீலியாவோ சட்டத்தைத் தேர்ந்துகொண்டார்.

அதற்குரிய வித்து அவருடைய இளம் வயதிலேயே ஊன்றப்பட்டது. துயருற்ற பெண்கள் பலர் பிரான்சினாவை நாடி வருவது வழக்கம். அவர்களுள் ஒருவர் குஜராத்தைச் சேர்ந்த செல்வக் குடும்பத்துப் பெண்மணி. தம் சொத்துகளைக் கவனித்து வந்தவரை முழுவதும் நம்பி, அவரால் வஞ்சிக்கப்பட்டு உடைமையை இழந்தவர் அவர். அப்பெண்மணியின் கண்ணீரைச் சிறுமி கார்னீலியா அருகிலிருந்து கண்டார். இத்தகையோருக்கு உதவ விரும்பினால் சட்டம் பயில வேண்டும் என்று தாயார் அறிவுறுத்தினார். அந்நிகழ்ச்சி தம் உள்ளத்தில் பதிந்துவிட்டதைக் கார்னீலியா முதுமையில் எழுதிய தன்வரலாற்று நூலில் குறிப்பிட்டுள்ளார்.

கல்லூரிக் கல்வி

அக்காலத்தில் மும்பைப் பல்கலைக்கழகத்தின் கதவுகள் பெண்களுக்கு எளிதில் திறக்கவில்லை. தம் மூத்த மகளிரைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கத் தந்தையார் மேற்கொண்ட முயற்சி கைகூடவில்லை. எனினும் அவர் சோர்ந்துவிடாமல் தொடர்ந்து வற்புறுத்தினார். அதன் பயனைக் கார்னீலியா பெற்றார். புனேயிலுள்ள தக்காணக் கல்லூரியில் அவர் சேர்ந்தபோது, அங்குப் பயின்ற மாணவர் அனைவரும் ஆண்களாகவே இருந்தனர். அவர் உள்ளே வரக் கூடாது என்று மாணவர் சிலர் வகுப்பறைக் கதவை அடைத்ததும் உண்டு. அவர் எதிர்த்துப் பூசலிடவில்லை, கற்பதையும் நிறுத்தவில்லை. 1880களின் பிற்பகுதியில் உயர்ந்த மதிப்பெண்களுடன் தேர்ச்சி பெற்று, மும்பைப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி என்னும் பெருமையை அடைந்தார்.

தேர்வில் முதலிடம் பெறுவோர் இங்கிலாந்து சென்று மேற்படிப்புப் பயில அரசு உதவித்தொகை வழங்கி வந்தது. மதிப்பெண்களின்படி கார்னீலியா அதற்குத் தகுதி பெற்றிருந்தார். ஆயினும் அவர் பெண் என்ற காரணத்தால் அவ்வுதவி மறுக்கப்பட்டது. மதிப்பெண்ணில் குறையில்லை; ஒழுக்கத்தில் குறையில்லை; இருந்தும் பரிசு கைநழுவியது. மனம் தளராத அவர் அகமதாபாத்திலுள்ள குஜராத் கல்லூரியில் தற்காலிக ஆசிரியப் பணியை ஏற்றார். சில ஆண்டுகளுக்கு முன் தம்மை வகுப்பறையில் அமரவிடாத ஆண் மாணவர்களைப் போன்றோருக்கே அவர் இப்போது ஆங்கில இலக்கியம் கற்பித்தார்.

ஆக்ஸ்போர்டில் கார்னீலியா

அரசு மறுத்த உதவியை நல்லுள்ளம் படைத்த சிலர் முன்வந்து அளித்தனர். மேரி ஹாப்ஹவுஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி, கார்னீலியாவின் கல்விக்கெனப் பொருள் திரட்டினார். செவிலியர் பணியின் முன்னோடியான புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும், இந்திய தேசிய காங்கிரசின் தலைவராகப் பொறுப்பு வகித்த வில்லியம் வெட்டர்பர்னும் அந்நிதிக்குப் பொருள் வழங்கியோருள் அடங்குவர். 1889ஆம் ஆண்டு கார்னீலியா கடல் கடந்து சென்று, ஆக்ஸ்போர்டில் மகளிர்க்கென அமைந்த சாமர்வில் கல்லூரியில் சேர்ந்தார்.

அவர் இலக்கியம் பயின்று ஆசிரியராகத் தாயகம் திரும்புவார் என்றே பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் அவருடைய நாட்டம் சட்டத்தின்மீதே இருந்தது. பேலியல் கல்லூரித் தலைவரும் பேரறிஞருமாகிய பெஞ்சமின் ஜோவெட் அவருக்குப் பெருந்துணையாக நின்றார். ஆல் சோல்ஸ் கல்லூரியின் சட்ட நூலகத்தில் அமர்ந்து படிக்க அதன் தலைவர் வில்லியம் ஆன்சன் இசைவு அளித்தார். அந்நூலகத்தில் வாசகராக அனுமதிக்கப்பட்ட முதல் பெண் கார்னீலியாவே ஆவார்.

படிப்பு நிறைவுற்றதும் புதிய இடர் எழுந்தது. குடிமைச் சட்டத்தில் இளநிலைப் பட்டத்திற்கான பி.சி.எல். தேர்வை அதுவரை எந்தப் பெண்ணும் எழுதியதில்லை. பெண் ஒருவரைத் தேர்வு செய்ய இயலாது என்று தேர்வாளர் மறுத்தார். தனியிடத்தில் அமர்ந்து எழுதலாம் என்று மாற்று வழி கூறப்பட்டது. அவ்வாறு எழுதினால் அது பல்கலைக்கழகத் தேர்வாக மதிக்கப்படாது என்பதைக் கார்னீலியா உணர்ந்திருந்தார். எனவே ஏனைய மாணவர்களுடன் சமமாக அமர்ந்தே தேர்வெழுத வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். முடிவில், பல்கலைக்கழகம் தனி ஆணை பிறப்பித்து அவருக்கு இசைவு அளித்தது. 1892ஆம் ஆண்டு அத்தேர்வை எழுதி மூன்றாம் வகுப்பில் தேறினார். அத்தேர்வில் தேர்ச்சியுற்ற முதல் பெண் அவர்.

தேர்ச்சி பெற்றும் பட்டம் கிட்டவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அந்நாளில் மகளிர்க்குப் பட்டம் வழங்குவதில்லை. கல்வியை மட்டும் உடைமையாகக் கொண்டு, 1893ஆம் ஆண்டு கார்னீலியா தாயகம் திரும்பினார்.

தகுதி இருந்தும் தடை

இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமாயின் இந்நாட்டுத் தேர்வில் தேற வேண்டும் என்று கூறப்பட்டது. அவ்வாறே அவர் 1897ஆம் ஆண்டு மும்பைப் பல்கலைக்கழகத்தின் சட்டத் தேர்வில் தேறினார். 1899ஆம் ஆண்டு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் தேர்விலும் வெற்றி பெற்றார். தேர்வுகள் ஒவ்வொன்றாக முடிந்தன, தடையோ நீங்கவில்லை. பெண்ணை வழக்கறிஞர் பட்டியலில் சேர்க்க எந்த நீதிமன்றமும் முன்வரவில்லை.

இடைப்பட்ட காலத்தில் கிடைத்த வாய்ப்புகளை அவர் நழுவவிடவில்லை. 1896ஆம் ஆண்டு புனேயில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணுக்காக நீதிமன்றத்தின் தனி இசைவுடன் வாதாடினார். ஆங்கில ஆட்சிக்குட்பட்ட நீதிமன்றத்தில் பெண் ஒருவர் எழுந்து வாதாடியது அதுவே முதன்முறை என்பர்.

மன்னர்கள் இசைவளித்த சுதேச சமஸ்தானங்களிலும் அவர் வழக்குகளை ஏற்றார். அவற்றுள் யானை ஒன்றின் வழக்கு சுவையானது. முன்னிருந்த மன்னர் யானைக்கென அளித்த நிலத்தைப் பின்வந்தவர் பறித்துக்கொள்ள, அந்த யானையின் சார்பில் கார்னீலியா அரசவைக்குச் சென்றார். மன்னரோ ஊஞ்சலில் அமர்ந்து வழக்கைக் கேட்டார். வாதத்திற்கே இடமளிக்காமல், தம் வளர்ப்பு நாய்க்குக் கார்னீலியாவைப் பிடித்துவிட்டது என்பதையே காரணமாகக் கொண்டு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். வெற்றி கிட்டியும் கார்னீலியா மகிழவில்லை. ஒருவருடைய விருப்பத்தால் வரும் நீதி, அவருடைய வெறுப்பால் மறைந்தும் போகலாம் அன்றோ? நிலையான சட்டமும் அதை எடுத்துரைக்கும் உரிமையும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அவ்வனுபவம் அவருக்கு உணர்த்தியது.

திரைக்குப் பின்னால் இருந்த துயரம்

வட இந்தியாவிலும் வங்கத்திலும் செல்வக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் அந்நாளில் திரைமறைவு வாழ்க்கை வாழ்ந்தனர். பர்தாநசீன் என்று அழைக்கப்பட்ட அவர்கள், நெருங்கிய உறவினரல்லாத ஆடவர் முன் தோன்றுவதில்லை. கணவர் இறந்தபின் பெரிய ஜமீனுக்கே உரியவராயினும், கணக்கு வழக்குகளைத் தாமே பார்க்க அவர்களால் இயலவில்லை. திவானோ, குமாஸ்தாவோ, உறவினரோ கொண்டுவரும் ஆவணத்தில், அதில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமலேயே ஒப்பமிட்டனர்.

அவர்களுக்குச் சட்டம் பாதுகாப்பு அளிக்காமல் இல்லை. இத்தகைய பெண் ஒருவர் ஓர் ஆவணத்தில் ஒப்பமிட்டால், அதன் பொருளை அவர் நன்கு உணர்ந்தே ஒப்பமிட்டார் என்பதை அவ்வாவணத்தால் பயன்பெறுவோர் மெய்ப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் விதித்திருந்தன. ஆனால் தாம் ஏமாற்றப்பட்டதை அப்பெண் யாரிடம் சென்று கூறுவார்? வழக்கறிஞர்கள் அனைவரும் ஆண்கள், அதிகாரிகளும் ஆண்களே. பாதுகாப்பு நூலில் இருந்தது. பாதுகாக்கப்பட வேண்டியவர் அந்தப்புரத்தில் இருந்தார். இரண்டிற்கும் இடையே ஒரு வாயில் இருந்தது. சட்டம் அறிந்த பெண்ணால் மட்டுமே அவ்வாயிலைக் கடக்க இயலும்.

இவ்வுண்மையைக் கார்னீலியா அரசுக்கு எடுத்துரைக்கத் தொடங்கினார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சட்ட ஆலோசனை கூறுவதற்கென ஒரு பெண் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று 1902ஆம் ஆண்டு முதல் இலண்டனிலிருந்த இந்திய அமைச்சகத்தை வற்புறுத்தினார்.

அரசுப் பணியில்

அந்நாளில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்னும் துறை ஒன்று இருந்தது. பெயரில் நீதிமன்றம் என்று இருப்பினும், அது வழக்குகளை விசாரிக்கும் மன்றம் அன்று. ஜமீனுக்கு உரியவர் வயது வராத சிறுவராகவோ, நிர்வாகம் செய்ய இயலாத பெண்ணாகவோ இருந்தால், அச்சொத்தை ஏற்று நிர்வகிக்கும் அரசுத் துறை அது. 1904ஆம் ஆண்டு வங்காள அரசு கார்னீலியாவை இத்துறையில் அலுவலராக நியமித்தது. அதற்குமுன் அப்படியொரு பதவியே இல்லை. தேவையை எடுத்துக்காட்டி அதனை உருவாக்கச் செய்தவரும் அவரே. சில ஆண்டுகளில் வங்காளம் மட்டுமன்றிப் பீகார், ஒரிசா, அசாம் ஆகிய பகுதிகளிலும் அவருடைய பணி பரவியது.

கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தாலும், பெரும்பகுதி நாள்களை அவர் பயணத்திலேயே கழித்தார். தொடர்வண்டி செல்லாத ஊர்களுக்குப் படகிலும் பல்லக்கிலும் யானை மீதும் சென்றார். அந்தப்புரத்தினுள் நுழைந்து, அங்குள்ள பெண்களுடன் அமர்ந்து, அவர்கள் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டார். ஆவணங்களின் பொருளை அவர்களுக்கு விளங்கும்படி எடுத்துரைத்தார். அவர்களுக்கு உரிய வாழ்க்கைப்படி ஒழுங்காகச் சேர வழிசெய்தார். தத்தெடுத்தல், சொத்துரிமை, குடும்பப் பூசல் ஆகியவை பற்றிய சிக்கல்களை ஆராய்ந்து மேலதிகாரிகளுக்கு அறிக்கை அனுப்பினார்.

அவருடைய பொறுப்பு தாள்களோடு முடிந்துவிடவில்லை. பெருஞ்சொத்துக்கு வாரிசான குழந்தைகளின் உயிருக்கே உறவினரால் தீங்கு நேரும் அச்சம் சில இல்லங்களில் இருந்தது. அக்குழந்தைகளின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் கல்வியையும் அவர் கண்காணித்தார். தம் பணிக்காலத்தில் பெண்களும் ஆதரவற்ற சிறுவர்களுமாக 600க்கும் மேற்பட்டோருக்கு அவர் துணைநின்றார் என்பர். ஊதியம் கருதாமல் ஏற்ற வழக்குகளும் அவற்றுள் உண்டு. அவருடைய தொண்டைப் பாராட்டி 1909ஆம் ஆண்டு அரசு கைசர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் வழங்கியது.

இங்கு ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் சட்டம் அறிந்தவர். அரசுக்கே ஆலோசனை கூறியவர். எனினும் தாம் ஆராய்ந்து அணியமாக்கிய வழக்கை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கும் உரிமை அவருக்கு இல்லை. அதை வேறொரு ஆண் வழக்கறிஞரிடமே ஒப்படைக்க வேண்டியிருந்தது. இந்நிலையிலேயே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார்.

காலம் தாழ்ந்து வந்த உரிமை

இந்தியப் பெண்கள் பலர் இக்காலத்தில் சட்டத் துறையின் கதவைத் தட்டினர். கல்கத்தாவில் ரெஜினா குகாவும், பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவும் வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கோரி அளித்த விண்ணப்பங்களை உயர் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. மாறாக, அலகாபாத் உயர் நீதிமன்றம் 1921ஆம் ஆண்டு கார்னீலியாவைத் தன் வழக்கறிஞர் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அந்நீதிமன்றத்தின் தேர்வில் அவர் தேறி அப்போது 22 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டு மகளிர்க்குப் பட்டம் வழங்க முடிவு செய்தது. கார்னீலியா 1922ஆம் ஆண்டு அங்குச் சென்று, 30 ஆண்டுகளுக்கு முன் தேர்வெழுதி ஈட்டிய பட்டத்தைப் பெற்றுக்கொண்டார். மறு ஆண்டு இலண்டனில் பாரிஸ்டராகவும் ஏற்கப்பட்டார். 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, பெண் என்ற காரணத்தால் எவரையும் வழக்கறிஞர் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று இந்தியா முழுமைக்கும் வழிவகுத்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த கார்னீலியா, 1924ஆம் ஆண்டு கல்கத்தாவில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

சட்டம் மாறியது, ஆயினும் மனங்கள் அவ்வளவு விரைவில் மாறவில்லை. நீதிபதியின் முன் நின்று வாதாடும் வாய்ப்பு அவருக்கு அரிதாகவே கிட்டியது. எழுத்து வடிவில் சட்டக் கருத்துரை வழங்குவதே அவர் பணியாக அமைந்தது. 1929ஆம் ஆண்டு தொழிலிலிருந்து விலகி, இலண்டனில் குடியேறினார்.

முரண்பட்ட கருத்துகள்

கார்னீலியாவின் அரசியல் கருத்துகள் அவர் காலத்து இந்தியர் பலருடைய கருத்துகளோடு ஒத்துப்போகவில்லை. ஆங்கில ஆட்சி நீடிப்பதே நன்று என்று அவர் நம்பினார். காந்தியடிகளின் இயக்கத்தையும் எதிர்த்தார். இந்தியச் சமுதாயத்தை இழித்துரைத்ததாகக் கண்டனத்திற்கு உள்ளான காதரின் மேயோவின் நூலுக்கு அவர் ஆதரவு காட்டியதால், நாட்டில் அவருக்கு இருந்த நன்மதிப்புக் குறைந்தது. விடுதலை இயக்கத்தின் வரலாற்றில் அவர் பெயர் பெரிதும் பேசப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். அவருடைய அரசியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும், கேட்பாரற்றுக் கிடந்த பெண்களின் குரலைத் தேடிச் சென்று கேட்ட அவருடைய தொண்டை மறக்கவும் கூடாது.

நிறைவு

தம் வாழ்வையும் பணியையும் விரித்துரைக்கும் இந்தியா காலிங் என்னும் ஆங்கில நூலை அவர் 1934ஆம் ஆண்டு வெளியிட்டார். 1954ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் இலண்டனில் இயற்கை எய்தினார்.

அவர் கண் மூடுவதற்கு முன்பே இந்தியா விடுதலை பெற்றது. பால் வேறுபாடின்றி அரசுப் பணியில் சமவாய்ப்பு உண்டு என்று அரசியலமைப்பு உறுதி கூறியது. 1949இல் சி. பி. முத்தம்மா இந்திய வெளியுறவுப் பணியிலும், 1951இல் அன்னா ராஜம் இந்திய ஆட்சிப் பணியிலும் முதல் பெண்களாகச் சேர்ந்தனர். அவர்கள் தேர்வெழுதி அப்பணிகளில் நுழைந்தனர். கார்னீலியா காலத்தில் பெண்ணுக்கென அத்தகைய தேர்வும் இல்லை, பதவியும் இல்லை. முதலில் பதவியின் தேவையை மெய்ப்பித்து, அதன் பின்னரே அவர் அதில் அமர வேண்டியிருந்தது.

இன்று நீதிமன்றங்களில் பெண்கள் வழக்குரைஞர்களாகவும் நீதிபதிகளாகவும் வீற்றிருக்கின்றனர். இது இயல்பான காட்சியாக நமக்குத் தோன்றுகிறது. அவ்வியல்பு நிலையை எய்துவதற்கு, தேர்வில் வென்றும் பட்டத்திற்காக 30 ஆண்டுகள் காத்திருந்த ஒரு பெண்மணியின் பொறுமையும் உழைப்பும் துணைசெய்தன என்பதை நினைவில் கொள்வோம்.

பயிற்சி

குறுவினா

1. கார்னீலியாவுக்கு அரசு உதவித்தொகை மறுக்கப்பட்டது ஏன்?
2. கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்னும் துறையின் பணி யாது?
3. யானையின் வழக்கில் வெற்றி பெற்றும் கார்னீலியா மகிழாததன் காரணம் யாது?

சிறுவினா

1. பி.சி.எல். தேர்வைத் தனியிடத்தில் எழுதக் கார்னீலியா மறுத்தது சரியே என்பதை விளக்குக.
2. திரைமறைவுப் பெண்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தும் அது பயன்படாமல் போனது எவ்வாறு?

சிந்தித்து எழுதுக

ஒருவருடைய அரசியல் கருத்தோடு உடன்படாத நிலையிலும் அவருடைய நற்பணியைப் போற்றலாமா? உம் கருத்தைக் காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.